வாசலில் கழற்றிய சப்பாத்து

1

ஜேர்மன்காரர் வாயால் சொல்லி முடிக்கக்கூடிய விசயத்தையும் கடிதத்தில்தான் சொல்வார்கள். கடந்த கிழமை மகளைக் கிண்டர்கார்டனிலிருந்து கூட்டிவரப் போனேன். ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தார், நாளைக்குப் பனி கொட்டும் என்றார், கையாட்டி வழியனுப்பினார். வீட்டுக்கு வந்து பிள்ளையின் பையைத் திறந்தால் உள்ளே கடிதம் இருக்கிறது.

நத்தார் வருகிறதென்று பிள்ளைகளைப் பக்கத்துத் தேவாலயத்துக்குக் குடில் பார்க்கக் கூட்டிச் சென்றார்களாம். எங்கள் அபிராமி வாசலிலேயே சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே ஓடினாளாம். அதைக் கண்ட இன்னும் நாலு பிள்ளைகளும் கழற்றிவிட்டார்களாம். குளிரில் பத்துக் காலுக்கும் திரும்பச் சப்பாத்து மாட்ட வெகுநேரம் பிடித்ததாம். தேவாலயத்துக்குள் சப்பாத்தோடு போகலாம் என்பதைப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தவும். கீழே பெற்றோரின் கையொப்பம்.

அபிராமிக்கு மூன்று வயது. தண்ணீர் கேட்பது ஜேர்மனில், அடம்பிடிப்பது ஜேர்மனில், நித்திரையில் புலம்புவதும் ஜேர்மனில்தான். தமிழில் அவள் தெளிவாகச் சொல்வது இரண்டு: 'வேண்டாம்', 'அம்மாட்டைச் சொல்லுவன்'. பிள்ளை கைவிட்டுப் போகிறது என்று நான் ஒரு வருடமாகப் புலம்பி வருகிறேன். ஒரு கட்டடத்தின் நிலவறையில் வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் நடத்தும் பூசைக்கு அவளைத் தூக்கிப் போவோம். அங்கே மந்திரமும் ஏறவில்லை, தேவாரமும் ஏறவில்லை. சப்பாத்தைக் கழற்றுவது மட்டும் ஏறியிருக்கிறது.

கடிதத்தை மனைவிக்கு மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்துச் சிரித்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கடை பிள்ளைதான், சந்தேகமே இல்லை" என்றாள்.

எங்கள் கலியாணம் எப்படி நடந்தது என்று ஊரிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் 'எளிமையாக நடந்தது' என்று எழுதித் தப்பியிருந்தேன். இனித் தப்ப முடியாது. உள்ளதை எழுதுகிறேன்.

2

எண்பத்து நாலின் தொடக்கத்தில் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியவன் நான். அங்கிருந்து மேற்கு பேர்லின், பிறகு ஹம். யார் எந்த ஊரில் இருக்கவேண்டும் என்பதை அரசாங்கம் தீர்மானித்தது. ஊரில் தனியார் வகுப்பில் கணக்குப் படிப்பித்தவன் என்பதால், எதையும் புத்தகத்தைப் படித்தே பிடித்துவிடலாம் என்ற திமிர் எனக்கு உண்டு. அகதிக்கு வேலை செய்யத் தடை. ஆகவே ஒரு பழைய ஜேர்மன் இலக்கணப் புத்தகத்தை எடுத்து மனப்பாடம் செய்தேன். சில மாதங்களில் எங்கள் ஹைமுக்கு, அதாவது அகதிகள் விடுதிக்கு, நானே மொழிபெயர்ப்பாளன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. பல்வலிக்காரருக்குக் காது வைத்தியரிடம் டெர்மின், அதாவது சந்திக்கும் நேரம், எடுத்துக் கொடுத்த சாதனையும் என்னுடையதே.

யோகேஸ்வரி ஊரில் எனக்குப் பேசி முடித்த பெண். சாதகம் பொருந்தி, ஆவணியில் நாள் வைத்திருந்தார்கள். அதற்கு முன் எண்பத்து மூன்று ஆடி வந்தது. கலவரத்தோடு கலியாணப் பேச்சு நின்றது, நான் கிளம்பிவிட்டேன். அவளை ஒரேயொரு முறைதான் பார்த்திருந்தேன், ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம். அதிலும் பாதி நேரம் வெட்கத்தில் தேநீரைத்தான் பார்த்தேன்.

அந்த வருடக் கடைசியில் அவளும் நான் வந்த வழியாலேயே வந்து சேர்ந்தாள். அரசாங்கம் அவளைத் தெற்கே, அல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஒரு கிராமத்துக்கு அனுப்பியது. எங்கள் இருவருக்கும் நடுவில் முழு ஜேர்மனியும் கிடந்தது. விண்ணப்பம் முடியும்வரை அகதி தன் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். தாண்டவேண்டுமானால் அந்நியர் அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டும்.

நான் போய்க் கேட்டேன். நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கு ஜேர்மனில் ஒரு சொல் இருக்கிறது. ஆனால் என் புத்தகத்தில் நான் அந்தப் பக்கத்துக்கு வந்திருக்கவில்லை. அதனால் 'பேசி முடித்த பெண்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். அங்கிருந்த இளம் அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"இந்தப் பெண்ணோடு பேசி முடித்துவிட்டீர்களா?"

"ஆம்."

"முடித்துவிட்டால் பிறகு எதற்குப் போகவேண்டும்?"

அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த மாதம் யோகேஸ்வரியிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. ஒரு பக்கம் பனிமலையும் அதன் உச்சியில் ஒரு கோயிலும். மறுபக்கம் அவளுடைய எழுத்து.

"அண்ணா கனடாவுக்கு வரச் சொல்லி ஏற்பாடு செய்கிறார். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லவேண்டும். பெரியவர்கள் பேசினார்கள், நீங்களும் நானும் பேசவில்லை. உங்கள் மனம் என்னவென்று நேரில் கேட்டறிய விருப்பம். கடிதத்தில் வேண்டாம். வரமுடியுமானால் வரவும். முடியாவிட்டால் அதையும் நான் விளங்கிக்கொள்வேன்."

கடைசி வரிதான் என்னை உலுக்கியது. ஒரு தேநீர் நேரம் பார்த்த பெண்ணுக்காக இவ்வளவு கலங்குவேன் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் கலங்கினேன். அந்த ஹைமில் நான் எனக்கென்று எதிர்பார்த்திருந்தது அவள் ஒருத்தியைத்தான்.

3

என் அறையில் கூட இருந்தவர் அந்தோனி அண்ணை. பாசையூர்க் கடற்தொழிலாளி, வேதக்காரர். அஞ்சலட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உந்த மலையிலை இருக்கிறது மாதா கோயில் எல்லே?"

"ஓம் அண்ணை. பழைய கோயிலாம். கனதூரத்திலையிருந்து நேர்த்திக்கு வாறவையாம்."

"பிறகென்ன தம்பி? பொம்பிளையைப் பாக்கப் போறன் எண்டால் விடமாட்டாங்கள். மாதாவைப் பாக்கப் போறன் எண்டு எழுது. அவவும் பொம்பிளைதானே, பொய்யில்லை."

யாத்திரைக்கு ஜேர்மனில் 'வால்ஃபார்ட்'. அன்ட்ராக்கை, அதாவது விண்ணப்பத்தை, நானே எழுதினேன், ஒருவரிடமும் காட்டவில்லை. எனக்குத்தான் ஜேர்மன் தெரியுமே. இம்முறை மேசையில் கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மா இருந்தார். வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்தத் தேர்தலுக்குப் போகிறீர்கள்?"

ஓர் எழுத்து மாறிப்போயிருந்தது. யாத்திரை என்று நினைத்துத் தேர்தல் பயணம் என்று எழுதியிருக்கிறேன். வாக்குரிமையில்லாத அகதி, நாட்டின் தென்கோடிக்குத் தேர்தலுக்குப் போக அனுமதி கேட்கிறான். அந்த அம்மா சிரிக்கவில்லை. சிவப்புப் பேனையால் எழுத்தைத் திருத்தினார். பிறகு கோப்பைப் புரட்டினார்.

"இங்கே இந்து என்றல்லவா இருக்கிறது?"

எங்கள் நாட்டில் இந்துக்களும் மடுமாதாவிடம் நேர்த்தி வைத்துப் போவார்கள் என்று சொல்ல விரும்பினேன். அது உண்மையும்கூட. என் வாயிலிருந்து வந்தது, "எங்களுக்கு எல்லாக் கடவுளும் சரி" என்பதுதான்.

கண்ணாடிக்கு மேலால் என்னை அளந்தார். அவர் நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளுக்குச் சீட்டு எழுதினார். கீழே ஒரு நிபந்தனை: யாத்திரை செய்ததற்குக் கோயில் சுவாமியாரின் முத்திரையோடு ஓர் அத்தாட்சிக் கடிதம் கொண்டுவரவேண்டும்.

யோகேஸ்வரியைப் பார்க்கப் போக நினைத்தவன், இனி மலையும் ஏறவேண்டும்.

4

கையில் இருந்தது ஒரு தோள்பை, அந்தோனி அண்ணை கட்டித்தந்த இடியப்பப் பொதி, காலில் தேவாலய உடுப்புக்கூடத்தில் கிடைத்த சப்பாத்து. சப்பாத்து என் காலைவிடப் பெரிது. இரண்டு சோடி காலுறை போட்டு அதை நிரப்பியிருந்தேன். வரும் ரயிலையும் மலைக்கோயிலுக்குப் போகவேண்டியிருப்பதையும் அவளுக்கு முன்னமே எழுதியிருந்தேன். சனி பின்னேரம் ரயில் ஏறி, ஞாயிறு விடிய மூன்றாவது ரயிலில் இருந்தேன்.

யாழ்ப்பாணத்தானுக்கு மலை என்றால் பூமிசாத்திரப் புத்தகத்தில் பழுப்பு நிறம். எங்கள் பக்கத்தில் உயரம் என்று சொல்ல ஒரு தண்ணீர்த் தாங்கிதான் இருந்தது. ரயில் ஒரு வளைவில் திரும்ப, யன்னல் முழுக்க வெள்ளையாக ஒன்று எழும்பி நின்றது. முகில் என்று நினைத்தேன். முகிலில் மரம் முளைப்பதில்லை என்று கண்டபிறகுதான் அது மலை என்று தெரிந்தது. வாயைத் திறந்துகொண்டு இருந்திருக்கவேண்டும். எதிரில் இருந்த கிழவர் தன் தோடம்பழத்தில் பாதியை என்னிடம் நீட்டினார்.

ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு கோயில். வெங்காயத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் கோபுரம். எங்கள் ஊரில் சந்திக்குச் சந்தி வைரவர் இருப்பதைப்போல, பனிமூடிய ஒழுங்கைகளில் சின்னக் கூரைக்குக் கீழே சிலுவையில் ஆண்டவர் இருந்தார். கிழவர் ஒரு மடத்தைக் காட்டி அது எண்ணூறு வருடப் பழையது என்றார். எங்கள் நாட்டில் அதைவிடப் பழைய கோயில்கள் இருக்கின்றன என்று நான் விட்டுக்கொடுக்காமல் சொன்னேன். அதில் எத்தனைக்குப் போனீர்கள் என்று அவர் கேட்டிருந்தால் அகப்பட்டிருப்பேன். நல்லூரானுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, திருவிழாவுக்குக் கச்சான் கடலை வாங்கப் போனவன் நான்.

சின்ன நிலையம். இறங்கியது நானும் இரண்டு பெண்களும். மேடையில் ஒரு பெரிய ஆண்கள் மேலங்கி, அதன் மேல் ஒரு கம்பளித் தொப்பி, இடையில் மூக்கு. நான் சேலையைத் தேடினேன். மேலங்கியைக் கடந்து வாசல்வரை போய்விட்டேன்.

"கணக்கு மாஸ்டர்!"

திரும்பினேன். மேலங்கி சிரித்தது.

"பாத்தும் பாக்காமல் போறியள். கனடாவுக்குப் போகச் சொல்லுறியளோ?"

அந்த இடத்திலேயே 'போகவேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். எழுவாய், பயனிலை எல்லாம் எனக்குத் தாய்மொழியிலேயே தொலைந்துபோயிருந்தது. "குளிரெண்டபடியால்..." என்று எதையோ சொன்னேன். குளிருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை தெரியாது.

அத்தாட்சிக் கதையைச் சொன்னேன். சுவாமியார் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிவரைதான் மலையில் இருப்பார் என்று அவள் விசாரித்து வைத்திருந்தாள். என் ரயில் நாலு மணிக்கு.

"அப்ப ஏறிக்கொண்டே கதைப்பம். வாங்கோ" என்றாள்.

5

மலைப்பாதையில் பதினாலு இடத்தில் சின்ன மரக்கூடுகள். ஒவ்வொன்றிலும் ஆண்டவர் சிலுவை சுமந்துபோகும் ஒரு காட்சி. நான் ஒரு திட்டம் போட்டேன். முதலாவது கூட்டில் மூச்சு வாங்குவது, இரண்டாவதில் சுகம் விசாரிப்பது, மூன்றாவதில் கேட்டுவிடுவது.

மூன்றாவது கூட்டில் ஆண்டவர் முதல் முறை விழுகிறார். அங்கேயே நானும் விழுந்தேன். பெரிய சப்பாத்து பனிக்கட்டியில் வழுக்கி என்னை இருத்திவிட்டது. அவள் கைகொடுத்துத் தூக்கினாள். அதுதான் நாங்கள் முதல் முறை கைபிடித்தது. அதைப் பற்றி ஏதாவது அழகாக எழுத ஆசைதான். ஆனால் இருவர் கையிலும் கம்பளிக் கையுறை, என் காற்சட்டையின் பின்பக்கம் நனைந்துபோயிருந்தது.

ஆண்டவர் மொத்தம் மூன்று முறை விழுந்தார் என்று படங்கள் சொல்லின. நான் ஐந்து.

இடையிடையே அவள்தான் கதைத்தாள். தன் ஹைமில் உள்ள பெண்களைப் பற்றி, தனக்குத் தெரிந்த ஜேர்மன் சொற்கள் 'யா', 'நைன்', 'டாங்க' மூன்றும்தான் என்பதைப் பற்றி, அண்ணன் எழுதிய கடிதத்தைப் பற்றி.

"அண்ணா சொல்லுறதும் நியாயம்தான். அங்கை எங்கடை ஆக்கள் எல்லாரும் இருக்கினம்" என்றாள்.

"ஓம், அது நியாயம்தான்" என்றேன் நான்.

என்னை நானே அந்த மலையிலிருந்து உருட்டிவிட்டிருக்கவேண்டும். அதன்பிறகு அவள் பேச்சைக் குறைத்துவிட்டாள். இவள் போய்விடுவாள் என்று எனக்கு உறுதியாகப் பட்டது.

6

கோயில் வாசலுக்கு வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம்.

இதைப் பக்தி என்று நினைக்கவேண்டாம். யோசித்துச் செய்ததும் அல்ல. கோயில் வாசல், கால் தானாகச் சப்பாத்தைக் கழற்றுகிறது. காலுறை நனைந்திருந்ததால் அதையும் கழற்றினோம். நாலு சப்பாத்தையும் பனிப்படியில் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே காலை வைத்தபோதுதான், கருங்கல்லுக்கும் பனிக்கட்டிக்கும் வித்தியாசமில்லை என்று தெரிந்தது. திரும்பிப் போய்ப் போடுவதற்கு வெட்கம். அவள் நடந்தாள், நானும் நடந்தேன்.

உள்ளே மெழுகுதிரிப் புகையில் கறுத்த சின்ன மாதா. சுவர் முழுக்க நேர்த்திக்கு வைத்த மெழுகுக் கைகள், மெழுகுக் கால்கள், குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள். எங்கள் கோயில்களில் கண்மலர் சாத்துவதை நினைத்துக்கொண்டேன். யோகேஸ்வரி முழந்தாளிட்டுக் கண்ணை மூடினாள். என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. கனடாவோ என்னவோ.

நானோ கோயிலுக்கு வந்தால் வலம் வரவேண்டுமே என்று பீடத்துக்குப் பின்னால் வழி தேடினேன். ஒரு சின்னக் கதவு இருந்தது. வலம்வரும் வீதி இதற்குள்ளால்தான் போகிறது என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே சுவாமியார் ஒரு முக்காலியில் இருந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"பார்ஃபூஸ்?" என்றார்.

'ஃபூஸ்' என்றால் பாதம் என்று எனக்குத் தெரியும். 'பார்' என்றால், கடையில் கேட்பார்களே, ரொக்கம். பாதத்துக்கு ரொக்கம் கேட்கிறார், ஏதோ காணிக்கை என்று கணக்குப் போட்டேன்.

"மன்னிக்கவேண்டும், என்னிடம் ரொக்கம் இல்லை" என்றேன்.

வெறுங்கால் என்பதற்கு ஜேர்மனில் அதுதான் சொல். அவர் எனக்குப் பின்னால் எட்டிப்பார்த்தார். கல்தரையில் இன்னொரு சோடி வெறுங்கால் தெரிந்தது. எழும்பி ஓடிப்போய் வாசலைத் திறந்தார். நாலு சப்பாத்திலும் பனி நிரம்பிக்கொண்டிருந்தது. அந்த மனிதரின் கண் கலங்கிவிட்டது. மலைப்பாதை முழுவதையும் நாங்கள் வெறுங்காலோடு ஏறிவந்ததாகவே அவர் எடுத்துக்கொண்டார். இல்லை என்று சொல்ல என் இலக்கணப் புத்தகத்தில் இடமிருந்தது. ஆனால் பல் கிடுகிடுத்ததால் வார்த்தை வரவில்லை.

அவர் கூப்பிட்ட சத்தத்துக்குக் கோயிலைப் பராமரிக்கும் பெண்மணி ஓடிவந்தார். எங்களை அடுப்படிக்குக் கொண்டுபோய் ஒரு வாங்கில் இருத்தினார். பெரிய துத்தநாகத் தொட்டியில் சுடுதண்ணீர் ஊற்றி, நாலு காலையும் அதற்குள் தூக்கி வைத்தார். பிறகு தாமே குனிந்து என் காலைத் தேய்த்துக் கழுவினார். நான் கூச்சத்தில் நெளிந்தேன். அவர் விடவில்லை.

சுடுதண்ணீரில் கால் உயிர்பெற்று வலித்தது. யோகேஸ்வரி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கடை ஊரிலை ஆருக்குக் கால் கழுவிறது?" என்றாள் மெதுவாக.

மாப்பிள்ளைக்கு. கலியாண வீட்டு வாசலில், பெண்ணின் தம்பி கழுவி உள்ளே கூட்டிப்போவான்.

"எனக்குத் தம்பி இல்லை. அந்தக் குறையை இந்த அம்மா தீர்த்து வைச்சிட்டா. கால் கழுவியாச்சு மாஸ்டர். இனியாவது ஏதும் கேக்கப் போறியளோ?"

"என்னோடை இருக்க ஏலுமோ?" என்று கேட்டேன். பதினாலு கூடும் ஏறி நான் சேர்த்தது அந்த மூன்றே சொல்தான்.

அந்த நேரம் பார்த்துச் சுவாமியார் கடுதாசியும் பேனையுமாக வந்தார். அத்தாட்சி எழுதத் தொடங்கியவர் அவளைக் காட்டி என்னிடம் கேட்டார். "இவர் உங்கள் மனைவிதானே?"

பொய் சொல்வது முறையல்ல, அதுவும் கோயிலில். பேசி முடித்த பெண், சாதகம் பொருந்தியது, ஆவணியில் நாள் வைத்தது, ஆடியில் எல்லாம் குழம்பியது. இவ்வளவையும் ஜேர்மனில் எப்படிச் சொல்வது என்று நான் சொல் தேடிக்கொண்டிருந்தேன். சுவாமியார் பேனையைத் தூக்கியபடி காத்திருந்தார். யோகேஸ்வரி என் பக்கம் திரும்பினாள்.

"ஓம்" என்றாள்.

பிறகு சுவாமியார் பக்கம் திரும்பினாள்.

"யா" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த மூன்று சொல்லில் ஒன்று. நான் மனப்பாடம் செய்த முழுப் புத்தகத்திலும் அதற்கு நிகராக ஒன்று இருக்கவில்லை. சுவாமியார் எழுதி, முத்திரை குத்தினார். தொட்டியில் எங்கள் கால்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. நான் அழுதேன். சுவாமியார் அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டார்.

7

அடுத்த நாள் அந்நியர் அலுவலகத்தில் கண்ணாடி அம்மா கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். 'இந்தத் தம்பதியர் கடும் பனியில் வெறுங்காலோடு யாத்திரை வந்தனர்' என்று அதில் இருந்தது.

"கோப்பில் நீங்கள் மணமாகாதவர்."

இரண்டு நாளில் கலியாணம் முடித்துக்கொண்டு வந்தேன் என்பதா, சுவாமியார் தவறாக விளங்கினார் என்பதா? எதைச் சொன்னாலும் குற்றம்.

"பனியில் வெறுங்காலோடா?" என்று கேட்டார்.

"யா." இது மட்டும் உண்மை. கொஞ்சத் தூரம்தான் என்றாலும் உண்மை.

அவர் கடிதத்தில் இரண்டு துளை போட்டுக் கோப்பில் மாட்டினார். ஜேர்மனியில் ஒரு கடுதாசிக்குத் துளை போட்டுவிட்டால் அதை இனி ஒருவரும் இல்லையென்று சொல்லமுடியாது. பிறகு ஒரு துண்டில் ஒரு சொல்லை எழுதி என்னிடம் தந்தார். நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கான சரியான சொல்.

"அடுத்த அன்ட்ராக்கில் இதை எழுதுங்கள். எழுத்துப் பிழை இல்லாமல்."

அவளை ஹம்முக்கு மாற்றி எடுக்கவும், நகரசபையில் பதியவும் பல மாதம் பிடித்தது. பதிவு நாள் வேறு. ஆனால் யோகேஸ் கொண்டாடுவது அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான். மறந்தேனானால் அன்று வீட்டில் சூடாக ஒன்றும் கிடைக்காது.

இனிக் கிண்டர்கார்டன் கடிதத்துக்கு வருகிறேன். பிள்ளைக்கு விளங்கப்படுத்தச் சொல்லியிருந்தார்கள் அல்லவா? அபிராமியை மடியில் தூக்கி வைத்துத் தொடங்கினேன். எங்கள் வழக்கம், அவர்கள் வழக்கம், குளிர், சுகாதாரம் என்று என் பழைய வாத்தியார் புத்தி கிளம்பிவிட்டது. அவள் இடையில் புகுந்து ஜேர்மனில் கேட்டாள், நாங்கள் மட்டும் ஏன் கழற்றுகிறோம் என்று. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

குசினிக்குள்ளிருந்து யோகேஸ் முந்திக்கொண்டாள்.

"அப்பா ஒருக்கால் சப்பாத்தைக் கழட்டினவர். அதாலைதான் நீ பிறந்தனி."

பிள்ளை ஒருகணம் யோசித்தாள். "அக் ஸோ" என்றாள், அப்படியா சங்கதி என்பதைப்போல. பிறகு மடியிலிருந்து இறங்கி விளையாடப் போய்விட்டாள்.

கடிதத்தின் கீழே இருவரும் கையொப்பம் வைத்தோம். காலையில் யோகேஸ் பிள்ளையின் பைக்குள் ஐந்து சோடி கம்பளிக் காலுறை வைத்தாள், அவளுக்கும் மற்ற நாலு பிள்ளைகளுக்கும். கழற்றாதே என்று நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை.